ஏழாவது துண்டு

பட்டியல் காலியாக இருந்தது.

மேலே கலைமோகன் என்ற பெயர் இருந்தது, அவன் படகு எண் இருந்தது. அதற்குக் கீழே வரி வரியாக நேற்றைய சேதிகள் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. தையல்நாயகி இன்னொரு தடவை தேடச் சொன்னாள். சேதிகளைச் சேர்த்துத் தரும் பெட்டி ரொம்ப யோசிப்பதுபோலத் திரையில் சுற்றிச் சுற்றிக் காட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்று கையை விரித்தது.

"எங்க வூட்டுக்காரங்க நேத்து விடியக்காலம் போனவங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "சாயங்காலமே வந்துருக்கணும். விடிஞ்சும் வரல. எங்க வூட்டுப் பெட்டியிலயும் இப்புடித்தான் வெள்ளையா காட்டுது."

சொன்னவள் நிவேதா, கலைமோகனின் மனைவி. ஆனால் அவள் சொன்னது தையல்நாயகியிடம் இல்லை, வாசலில் இருந்த அடிபம்பிடம். அவளுக்குப் புத்தி ஒன்றும் பிசகிவிடவில்லை. வெள்ளிமேட்டுக்குப்பத்தில் ஊர் தள்ளிவைத்த வீட்டாரோடு யாரும் பேசக் கூடாது. கடையில் சாமான் கிடையாது, நல்லது கெட்டதுக்கு அழைப்புக் கிடையாது. ஆனால் வாயுள்ள ஜனம் எத்தனை நாள்தான் வாயை மூடிக்கொண்டு இருக்கும்? அதனால் ஊரே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. சொல்ல வேண்டியதைப் பம்பிடம், ஆட்டுக்குட்டியிடம், காயப்போட்ட வலையிடம் சொல்லிவிடலாம். கேட்க வேண்டியவர் காதில் அது விழுந்துவிடும். அதைப் பேச்சு என்று எந்தப் பஞ்சாயத்தும் குற்றம் சொல்ல முடியாது.

தையல்நாயகியும் திரையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "எந்தப் பக்கம் போனாராம்?"

"வடகிழக்கன்னு சொன்னாங்க. ஆளு இல்லாம ஒத்தையில போனாங்க. தள்ளிவெச்சதுலேருந்து யாரு கூட வர்றா?" நிவேதா பம்பின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "கடலோரக் காவல்காரங்களுக்குப் போன் பண்ணேன். படகு அனுப்புறோம், எந்தத் திக்குன்னு சொல்லுன்னு கேக்குறாங்க. கச்சான் காத்து வேற நேத்துலேருந்து வீசுது. நான் என்னான்னு சொல்லுவேன்?"

கச்சான் என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று. இன்ஜின் நின்ற படகைக் கரைக்கு எதிர்ப்பக்கமாக, ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தேட வேண்டிய கடல் பெரிதாகிக்கொண்டே போகும். இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் நிவேதா அதற்கு மேல் சொல்லவில்லை.

அந்தப் பெட்டிகளைக் கட்டியவள் தையல்நாயகிதான். ஒருகாலத்தில் எல்லாப் படகிலும் கம்பெனிக்காரர்கள் இலவசமாகத் தந்த கருவிகள் இருந்தன. படகு போகும் தடம் எல்லாம் வானம் வழியாக எங்கேயோ போயிற்று. அப்புறம் பார்த்தால், நம் ஆள் மீன் கண்ட இடத்தில் மறுநாள் பெரிய கப்பல் நிற்கும். ஊர் பொங்கி எழுந்து அத்தனை கருவியையும் கழற்றிக் கடலில் வீசியது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்த தையல்நாயகியைக் கூப்பிட்டு, நமக்கே நமக்கென்று ஒன்று செய்துகொடு என்றார்கள். அவள் செய்துகொடுத்தாள். வீட்டுக்கு ஒரு பெட்டி, படகுக்கு ஒரு சின்னக் கருவி. கருவி அவ்வப்போது கத்தும் என்பதால் அதற்குக் கிளி என்று பெயர் வந்துவிட்டது.

கிளியின் வேலை சுலபமானது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, நான் இங்கே இருக்கிறேன், இன்ஜின் இப்படி இருக்கிறது என்று காற்றில் ஒரு சேதி விடும். பக்கத்தில் போகிற ஊர்ப் படகுகளின் கிளிகள் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு, கரைக்கு வந்ததும் தங்கள் வீட்டுப் பெட்டியில் போட்டுவிடும். முழுச் சேதியும் ஒரு வீட்டில் இருக்காது, துண்டு துண்டாகத்தான் இருக்கும். படகுக்கார வீட்டில் பட்டியலைத் திறந்தால், அவர்கள் பெட்டி ஊரிலுள்ள எல்லாப் பெட்டிகளையும் கேட்டுத் துண்டுகளைச் சேர்த்து வரி வரியாகக் காட்டும். ஆபத்து என்றால் கிளியில் சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் சுற்றியுள்ள கிளிகள் எல்லாம் தொண்டை கிழியக் கத்தும். கூப்பிடுவது யார், எந்தத் திக்கிலிருந்து என்று அந்தச் சிவப்பு எரிகிற வரைக்கும் மட்டும் காட்டும். கேட்டவன் பச்சையை அமுக்க வேண்டும், அப்படியென்றால் வருகிறேன் என்று அர்த்தம். பச்சை எங்கும் பதிவாகாது. கூப்பிட்டவன் கிளியில் ஒரு பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான்.

தையல்நாயகி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெட்டியின் கடிகாரம் சரியாக இருந்தது. நிவேதா வீட்டுச் சாவி எண் சரி, ஆன்டெனா சரி. தன் வீட்டுப் பட்டியலைத் திறந்தாள், வந்தது. எதிர் வீட்டுப் பட்டியலை அவர்களிடம் கேட்டுத் திறந்தாள், அதுவும் பொலபொலவென்று வந்தது. இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஊரே வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

ஊரே வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. அந்த நினைப்பு வந்ததுமே அவளுக்குத் தான் எழுதிய ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

சித்திரையில்தான் அது நடந்தது. ஊரில் சிலர் பொடிக்கண் வலை போடுகிறார்கள். நகத்தளவு குஞ்சைக்கூட விடாமல் அள்ளிவரும் வலை அது, தடை செய்த வலை. கலைமோகன் அதைப் படம் பிடித்து மீன்துறை அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். வலை போட்டது சரியா தப்பா என்று பஞ்சாயத்தில் யாரும் கேட்கவில்லை. ஊர்ச் சமாசாரத்தை எப்படி வெளியே கொண்டுபோகலாம் என்றுதான் கேட்டார்கள். மன்னிப்புக் கேள் என்றார்கள். மாட்டேன் என்றான். தள்ளிவைத்தாயிற்று. மறுநாள் பஞ்சாயத்தார் ஐந்து பேரும் தையல்நாயகியின் வீட்டுக்கு வந்து, பெட்டியிலும் அதைப் போட்டுவிடு என்றார்கள். அவளும் போட்டாள். அவன் கோப்புகள் எதையும் அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. அந்த முகவரியிலிருந்து என்ன வந்தாலும் வாங்கி வைத்துக்கொள், ஆனால் காதில் போட்டுக்கொள்ளாதே, பதில் சொல்லாதே என்று மட்டும் எழுதி, ஐந்து பேரின் கைரேகையையும் வாங்கி, எல்லா வீட்டுப் பெட்டிக்கும் அனுப்பினாள். அதற்கு வாய்ப்பூட்டு என்று பெயரும் வைத்தாள். அழிக்காமல் விட்டோமே என்று அன்றைக்குத் தன்னைக் கொஞ்சம் மெச்சிக்கொண்டாள்கூட.

வீட்டுப் பெட்டி எதைக் கற்றுக்கொள்கிறதோ அதைப் படகுக் கிளியும் கற்றுக்கொள்ளும். அப்படித்தான் அவள் கட்டியிருந்தாள்.

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். பம்பைப் பார்க்கவில்லை. நிவேதாவின் முகத்தைப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு அப்புறம் அந்தத் தெருவில் யாரோ அவளை நேராகப் பார்த்தார்கள்.

"நிவேதா, பட்டியல் கெட்டுப்போவல. நான்தான் பூட்டிவெச்சேன்."

நிவேதா திகைத்துப்போய்ப் பின்னால் நகர்ந்தாள். "யக்கா, யாராச்சும் பாத்துடப் போறாங்க."

"பாக்கட்டும். அவரு கூப்புட்டுருந்தா, பக்கத்துல போன படகெல்லாம் அத வாங்கி வெச்சுருக்கும். வாங்கி வெச்சுக்கிட்டு மூச்சு விடாம இருக்கும். வா, நாட்டாரப் பாக்கணும்."

ஏலக்கூடத்தில் காலை ஏலம் முடிந்து ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்த் தலைவரான நாட்டார் தங்கையன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பஞ்சாயத்தாரில் மற்ற நாலு பேரும் அங்கேயேதான் இருந்தார்கள். தையல்நாயகி தள்ளிவைத்த வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"என்னாயி இது?" என்றார் நாட்டார்.

அவள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். மோகன் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவன் சிவப்பை அமுக்கியிருந்தாலும் ஊரில் ஒரு கிளிகூடக் கத்தியிருக்காது என்பது யாருக்கும் தெரியாது.

நாட்டார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஏன் கத்தாது?"

"நீங்கதானே மாமா தள்ளிவெச்சீங்க."

"தள்ளிவெச்சேன். கரையில! கடல்ல எவன் தள்ளிவெச்சான்?" அவர் குரல் கூடம் முழுக்க அதிர்ந்தது. "ஈரமணலோட நம்ம கட்டுப்பாடு முடிஞ்சுது. தண்ணிக்குள்ள கால வெச்சுட்டா அவன் நம்ம ஆளு. அடிச்சுக்கிட்டவன், வெட்டிக்கிட்டவன் எவனா இருந்தாலும் கடல்ல கூப்புட்டா போவணும். இதுகூடத் தெரியாதா?"

"தெரியும் மாமா."

"அப்புறம்?"

"நீங்க அத எங்கிட்ட சொல்லல."

"சொல்லணுமா?" என்றார் அவர். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "பால்குடிப் புள்ளைக்குக்கூடத் தெரிஞ்ச சங்கதி. அத ஒருத்தன் வாயால சொல்லணுமா?"

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். பெட்டிக்குத் தெரியாதே மாமா. அதுக்குக் கரை எது, கடல் எதுன்னு யாரு சொல்லிக் குடுத்தா? எனக்கே தோணல. தள்ளிவெச்சாச்சுன்னு சொன்னீங்க, அப்புடியே எழுதிட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை என்பதால் அடக்கிக்கொண்டாள்.

"ஐஞ்சு பேரு கைரேகை வெச்சுப் பூட்டுனது. நான் ஒருத்தி தொறக்க முடியாது. உங்க ஐஞ்சு கையும் மறுபடி வேணும்."

பஞ்சாயத்தாரில் ஒருவரான குமாரசாமி தொண்டையைச் செருமினார். "தொறக்குறதப் பத்தி ஒண்ணும் இல்ல. ஆனா அவன் மன்னிப்பு..."

"டேய், வாய மூடிக்கிட்டுக் கைய வைடா!" என்றார் நாட்டார்.

தையல்நாயகி கையோடு கொண்டுவந்திருந்த டேப்லெட்டில் ஐந்து பேரும் கட்டைவிரலை வைத்தார்கள். நாட்டாரின் விரல் உப்பில் தேய்ந்துபோனது, மூன்று முறை துடைத்து வைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் நடந்ததை அந்த ஊர் மறக்காது. கரையில் வரிசையாக ஏற்றி வைத்திருந்த படகுகளில் ஒன்றிலிருந்து ஒரு கிளி கத்தியது. அடுத்து இன்னொன்று. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஆறு படகுகள் கத்தின. வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். யாருக்கு ஆபத்து, எங்கே ஆபத்து என்று கடலைப் பார்த்தார்கள். கடல் சும்மாதான் இருந்தது. நேற்று கரைக்குத் திரும்பும் வழியில் கத்தியிருக்க வேண்டியதை அந்தக் கிளிகள் இப்போது கத்திக்கொண்டிருந்தன.

விஷயம் புரிந்ததும் அந்த ஆறு படகுக்காரர்களும் தங்கள் படகைத் தொடக்கூட மாட்டாமல் தள்ளி நின்றார்கள். ஒருவன் தலையில் தலையில் அடித்துக்கொண்டான். நிவேதா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

தையல்நாயகி பட்டியலைத் திறந்தாள். இப்போது வரிகள் வந்தன. ஆனால் எல்லாமே மங்கலாக, உள்ளே ஒன்றும் எழுதாமல் இருந்தன. ஓரத்தில் ஆறு என்று காட்டியது.

"என்னாயி, வந்துருச்சா?"

"ஆறு வூட்டுத் துண்டுதான் வந்துருக்கு மாமா. ஏழு சேந்தாத்தான் எழுத்து தெரியும்."

"ஏன் அப்புடி வெச்சுத் தொலைச்ச?"

"நீங்கதானே கேட்டீங்க. ஒருத்தன் மீன் புடிக்கிற எடம் இன்னொருத்தனுக்குத் தெரியக் கூடாது, நாலஞ்சு பேரு கூட்டுச் சேந்தாலும் தொறக்கக் கூடாதுன்னு."

நாட்டார் உடனே கோயிலுக்கு ஆள் அனுப்பினார். மைக்கில் அறிவிக்கச் சொன்னார். எல்லா வீட்டிலும் பெட்டி ஓடுகிறதா என்று பாருங்கள், நேற்று கடலுக்குப் போன எல்லோரும் வாருங்கள் என்று கோயில் ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொல்லியது. வாசலுக்கு வாசல் பெண்கள் உள்ளே ஓடிப் பார்த்துவிட்டு வந்து, ஓடுது ஓடுது என்றார்கள். ஆறு ஆறாகவே நின்றது.

தையல்நாயகி பெட்டிகளின் வரிசையை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். அத்தனையும் உயிரோடு இருந்தன. ஒன்று மட்டும் நேற்று ராத்திரியிலிருந்து செத்துக் கிடந்தது. அது வைத்தியநாதன் வீட்டுப் பெட்டி. அவள் கூடப்பிறந்த அண்ணன் வைத்தி.

அவள் கரையைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் படகு வரிசையின் கடைசியில் நின்றது. கிளி இருக்க வேண்டிய இடத்தில் நாலு திருகு ஓட்டை மட்டும் இருந்தது.

வைத்தி வீட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது. அண்ணி ரேவதி அவளைப் பார்த்ததும் அடுப்படிக்குள் போய்விட்டாள். காலண்டருக்குக் கீழே பெட்டி இருந்தது. அதன் வயரைப் பிடுங்கி அழகாகச் சுருட்டி மேலேயே வைத்திருந்தது. பக்கத்தில் கழற்றிய கிளி. வைத்தி தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வெளியே ஒலிபெருக்கி அவனையும் சேர்த்துத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே, எழுந்து அதச் சொருவு."

அவன் சுருட்டி வைத்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே!"

"சொருவுனா நான் அங்க இருந்தேன்னு ஊருக்கே தெரிஞ்சுபோவும்" என்றான் வைத்தி.

"அங்கன்னா எங்க?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "தெக்கால, ஆழத்துல. பொடிக்கண் வலை கொண்டுபோயிருந்தேன். அதான் ஒத்தையில போனேன், அதுக்கு எவனையாவது சாட்சிக்கா கூட்டிப் போவாங்க? வலையை விட்டு இழுக்குறப்ப இன்ஜின் நின்னுபோச்சு. இழுத்து இழுத்துப் பாக்குறேன், கெளம்பல. காத்து வேற தள்ளுது. பயந்துபோயி செவப்ப அமுத்திட்டேன்."

"யாராச்சும் பச்சை போட்டாங்களா?"

"ஒரு வெளக்கும் எரியல, அந்தச் சுத்துவட்டாரத்துல வேற படகே இல்ல. கொஞ்ச நேரத்துல இன்ஜினே கெளம்பிடுச்சு. செவப்ப அணைச்சுட்டு நிமுந்து பாத்தா, வடக்கேருந்து ஒரு படகு நேரா என்னப் பாத்து வருது. மோகன் படகு. போன தடவ படம் புடிச்சான்ல? இப்ப கையும் களவுமா புடிக்க வர்றான்னு நெனச்சேன். வலைய அறுத்துத் தண்ணியில வுட்டுட்டு ஒரே ஓட்டமா ஓடியாந்துட்டேன்."

"அப்புறம்?"

"தூரம் வந்து திரும்பிப் பாத்தேன். அவன் படகு அங்கயே நின்னுச்சு. எழுந்து நின்னு எதையோ ஆட்டுனான். செல்லு வெச்சுப் படம் எடுக்குறான்னு நெனச்சேன்." வைத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கிளிய பாத்தேன். அது சும்மா இருந்துச்சு. கிளி கத்தல, அப்ப அவனுக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துட்டேன்."

"கத்தியிருந்தா திரும்பியிருப்பியா?"

"எனக்கே தெரியல" என்றான் அவன். "ராத்திரி அவன் வரலன்னு கேள்விப்பட்டதும் வயர பிடுங்கிட்டேன். அது மட்டும் தெரியும்."

தையல்நாயகிக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கிளியின் வாயைக் கட்டியது தன் கைதான் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. அவள் வயரைத் தானே எடுத்துச் சொருகியிருக்கலாம். சொருகவில்லை. சுருளைப் பிரித்து அவன் மடியில் போட்டாள்.

"நிவேதா ஏலக்கூடத்துல மணல்ல உக்காந்துருக்கா. அவகிட்ட ஆறு துண்டு இருக்கு. ஏழாவது உங்கிட்ட இருக்கு. வலை சமாசாரமெல்லாம் அப்புறம் ஊரு பேசிக்கும். நீயே சொருவு."

அடுப்படியிலிருந்து ரேவதி வெளியே வந்து நின்றாள். "சொருவுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வைத்தி எழுந்தான். வயரின் முனை துளைக்குள் சரியாக நுழையவில்லை. ரேவதி வந்து பிடித்துக்கொடுத்தாள். பெட்டியில் சின்ன விளக்கு எரிந்தது.

ஏலக்கூடத்தில் திரையைச் சுற்றி ஊரே நெருக்கியடித்து நின்றது. வரிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. தையல்நாயகி அவற்றைக் கடல் படத்தின் மேல் போட்டுக் காட்டினாள். கலைமோகனின் தடம் கரையிலிருந்து வடகிழக்காகப் போயிருந்தது. அங்கே கொஞ்சம் நின்று வலை போட்டிருக்கிறான். மத்தியானத்தில் வலையை அவசரமாக ஏற்றிக்கொண்டு, மடக்கித் திரும்பி, தெற்கே ஒரே நேர்கோடாக வந்திருக்கிறான். கோடு முடிந்த இடத்தில் இன்ஜின் நின்றது என்று ஒரு வரி. உடனே அதன் கீழே சிவப்பு. அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் திரும்பத் திரும்பச் சிவப்புதான். படகு மெல்ல மெல்லக் கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. கடைசி வரியில் பேட்டரி தீர்கிறது என்று இருந்தது.

"நல்லா வடக்க இருந்தவன் எதுக்குத் திடீர்னு தெக்க திரும்புனான்?" என்றார் நாட்டார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வைத்தி சொன்னான். "என்னப் புடிக்கத்தான் மாமா." எல்லோரும் திரும்பினார்கள். அவன் மறைக்காமல் சொன்னான், வலையைப் பற்றியும் சொன்னான், அறுத்துவிட்டு ஓடிவந்ததையும் சொன்னான். யாரும் அவனை அடிக்கவில்லை. அதற்கெல்லாம் நேரம் இல்லை. நிவேதா மட்டும் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

காற்றின் வேகத்தை வைத்துப் படகு இப்போது எங்கே இருக்கும் என்று நாட்டாரும் இரண்டு பெரிய படகுக்காரர்களும் கணக்குப் போட்டார்கள். அதைத் தையல்நாயகி கடலோரக் காவல்காரர்களுக்கும் சொன்னாள். உச்சி வெயிலுக்கு முன்னால் ஊரில் ஓடுகிற படகு அத்தனையும் அலையைத் தாண்டிப் போய்விட்டன. முதலில் போனது வைத்தியின் படகு. கிளியைத் திரும்ப மாட்டக்கூட அவன் நிற்கவில்லை.

அன்று முழுக்கப் பெண்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். நிவேதாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் ரேவதி ஒரு சொம்பில் நீராகாரம் கொண்டுவந்து, பம்பிடமும் ஆட்டிடமும் சொல்லாமல் நேராக நிவேதாவிடம், "குடி" என்றாள். நிவேதா குடிக்கவில்லை. ரேவதியும் போகவில்லை, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தையல்நாயகி கொஞ்சம் தள்ளி ஈரமணலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த மணலுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம் என்று அவள் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறாள். எழுத உட்கார்ந்த அன்றைக்கு அது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று எத்தனை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. மூச்சு விடுவதை யாராவது எழுதிவைப்பார்களா? அதுபோலத்தான் அது விட்டுப்போயிற்று. விட்டுப்போனதற்கு அது ஒரு சமாதானமும் இல்லை.

மறுநாள் காலையில் படகுகள் திரும்பின. எல்லோருக்கும் முன்னால் வைத்தியின் படகு வந்தது, பின்னால் கயிற்றில் கலைமோகன் படகை இழுத்துக்கொண்டு. அதன் இன்ஜினைத் தூக்கி வைத்திருந்தார்கள். அதன் அடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறியில் பொடிக்கண் வலை பந்தாகச் சுற்றி இறுகியிருந்தது. அது யார் கட்டிய வலை என்று அதன் முடிச்சைப் பார்த்தாலே ஊருக்குத் தெரியும். வைத்தி அதை அறுத்து எறிந்துவிடவில்லை, அப்படியே கொண்டுவந்திருந்தான்.

கலைமோகன் உயிரோடு இருந்தான். உதடு வெடித்து, முகமெல்லாம் தோல் உரிந்து, உப்பு பூத்துப்போய் இருந்தான். இடுப்பளவு தண்ணீரில் வைத்தி அவனைத் தோளில் தாங்கி இறக்கினான். நிவேதா சேலை நனைய ஓடி அவன் மேல் விழுந்தாள். தையல்நாயகியும் ஓடினாள். இன்னொரு பக்கம் அவள் தாங்கிக்கொண்டாள். அலை காலை அடித்தது. நாலு பேரும் தடுமாறித் தடுமாறி ஈரமணல் வரைக்கும் வந்தார்கள்.

அங்கேதான் கலைமோகன் தன்னைத் தாங்கி வருவது யார் என்று முதல் தடவையாக நன்றாகப் பார்த்தான். இத்தனை நேரம் அவன் கண் மூடியே கிடந்தானாம்.

"வைத்தி" என்றான். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. "வந்து சேந்துட்டியா? உன் இன்ஜின் கெளம்பிடுச்சாடா?"

"என்னடா சொல்ற?" என்றான் வைத்தி.

"செவப்பு வந்துச்சேடா. பச்சைய அமுத்துனேன், நீ பாக்கலியா?" கலைமோகன் மூச்சு வாங்கிக்கொண்டான். "அப்புறம் செவப்பு அணைஞ்சுபோச்சு. நீ முழுகிட்டியோன்னு பயந்துட்டேன். அதான் வலையக்கூடச் சரியா ஏத்தாம வந்தேன்."

ஊர் அவன் வாயைத்தான் கட்டியிருந்தது. அவன் காதை யாரும் அடைக்கவில்லை. அவன் அமுக்கிய பச்சை வைத்தியின் கிளிக்குப் போயிருக்கும், கிளி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கும். தையல்நாயகிக்கு இது முழுவதும் ஒரே நொடியில் புரிந்தது. அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கும் புரிந்துவிட்டது.

நாட்டார் வந்து கலைமோகனைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். நிவேதாவும் பெண்களும் சூழ்ந்துகொண்டு அவனை மேட்டுக்கு நடத்திப்போனார்கள். யாரோ கட்டில் கொண்டுவா என்று கத்தினார்கள், யாரோ ஆம்புலன்ஸ் வந்தாச்சு என்றார்கள். கரை முழுக்க ஒரே பேச்சும் அழுகையுமாக இருந்தது.

"வா அண்ணே, வூட்டுக்குப் போவலாம்" என்று தையல்நாயகி அண்ணனின் கையைப் பிடித்தாள்.

வைத்தி வரவில்லை. முழங்கால் அளவு தண்ணீருக்குத் திரும்பிப் போய், முகத்தைக் கடல் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றான். அவள் எத்தனை கூப்பிட்டும், ரேவதி வந்து கூப்பிட்டும், வெயில் ஏறுகிற வரைக்கும் அவன் ஈரமணலைத் தாண்டி இந்தப் பக்கம் வரவேயில்லை.